பழைய நாடக அரங்கில் நிறுவன நிகழ்ச்சி: வாடகைக்கு எடுப்பது முதல் சாவியைத் திருப்பிக் கொடுப்பது வரை

ஆண்டுக் கூட்டத்தை இந்த முறை ஒரு பழைய நாடக அரங்கில் வைத்தால் என்ன என்று யாராவது கேட்டால், அநேகமாக எல்லோருக்கும் உடனே பிடித்துப்போகும். சிவப்பு வெல்வெட் திரை, பொன்முலாம் பூசிய பால்கனி, தலைக்கு மேல் சரவிளக்கு. ஓட்டல் ஹாலில் நடந்த கூட்டம் அடுத்த மாதமே மறந்துவிடும். இது மறக்காது.

பிடித்துப்போவது சுலபம். அப்புறம்தான் வேலை. ஓட்டல் ஹால் என்பது காலிப் பெட்டி. நாற்காலியை எப்படிப் போட்டாலும் போட்டுக்கொள்ளும், திரையை எங்கே வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். பழைய அரங்கத்தில் ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு கயிறும் நாடகம் நடத்துவதற்கென்றே கட்டப்பட்டவை. அதற்கேற்ப உங்கள் நிகழ்ச்சியை வளைத்தால் பிரமாதமாக அமையும். கட்டடத்தை உங்களுக்கேற்ப வளைக்கப் பார்த்தால் பணமும் தூக்கமும் போகும். கீழே சொல்வதெல்லாம் அந்த வளைப்பை எப்படிச் செய்வது என்பதுதான்.

1. உங்கள் நிகழ்ச்சி இதற்கு ஏற்றதா?

அரங்கத்தில் எல்லா இருக்கைகளும் ஒரே பக்கம் பார்த்து, தரையோடு திருகப்பட்டிருக்கும். முன்னால் மேசை கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், பின்னால் இருப்பவரோடு பேச முடியாது. ஆகவே எல்லோரும் ஒன்றைப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை: ஆண்டுப் பொதுக்கூட்டம், புதுப் பொருள் அறிமுகம், விருது விழா, மொத்த ஊழியர்களுக்கும் தலைமை பேசும் கூட்டம். குழுக்குழுவாக உட்கார்ந்து விவாதிப்பது, மடிக்கணினி வைத்துப் பயிற்சி எடுப்பது, கண்காட்சிக் கடைகள் போடுவது, இதற்கெல்லாம் வேண்டாம். இரண்டும் கலந்த நாள் என்றால் காலை அமர்வை மட்டும் அரங்கத்தில் வைத்துவிட்டு, மதியம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வேறு இடத்துக்கு மாற்றுவது உத்தமம். மேல்மாடிக் கூடத்தில் நான்கு வட்டமேசை போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கூடங்கள் இடைவேளையில் நின்றுகொண்டு பேசுவதற்காகக் கட்டியவை.

அடுத்தது தலைக்கணக்கு. 1,200 இருக்கை உள்ள அரங்கத்தில் 300 பேர் ஆங்காங்கே உட்கார்ந்தால் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே தோற்றுப்போன மாதிரி இருக்கும். பால்கனிக் கதவுகளைப் பூட்டிவிட்டு, எல்லோரையும் கீழ்த்தளத்தின் முன்பாதியில் நெருக்கமாக உட்கார வையுங்கள். காலியாக இருக்கும் பால்கனி முகப்பில் மெல்லிய வண்ண ஒளி போட்டால், அதுவே அலங்காரமாகிவிடும்.

ஐம்பது முதல் நூறு பேருக்குள் என்றால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறு. விருந்தினர்களை மேடையிலேயே உட்கார வைத்துவிடுங்கள், அரங்கத்தைப் பார்த்தபடி. திரை மூடியிருக்கும்போது அவர்கள் பக்கவாட்டு வழியாக மேடைக்கு வந்து அமர்வார்கள். பேச்சு தொடங்கும் நேரத்தில் திரை மேலே போகும். எதிரே அடுக்கடுக்காக ஆயிரம் காலி இருக்கைகள், விளக்கு ஏற்றிய மாடங்கள். நடிகர் மட்டுமே பார்க்கிற காட்சி அது. வட்டமேசை விருந்துக்கு ஆளுக்கு ஒன்றரைச் சதுரமீட்டர் என்று கணக்கிட்டால், 15 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் உள்ள மேடையில் நூறு பேர் வரை கொள்ளும். ஆனால் மேடையில் இத்தனை பேர் இருக்கலாமா என்பதை அரங்கத்தின் தீப்பாதுகாப்பு அனுமதிதான் முடிவு செய்யும். ஆசைப்படும் முன் கேட்டுவிடுங்கள்.

இருக்கைகளை எடுத்துவிட்டு முழுத் தளமாக்கும் அரங்கங்களும் உண்டு. வியன்னா அரசு ஆபரா மாளிகையில் ஆண்டுதோறும் நடக்கும் நடன விழாவுக்குக் கீழ்த்தள இருக்கைகளைக் கழற்றி, மேடை மட்டத்துக்குத் தரை அமைத்துவிடுகிறார்கள். ஆனால் அது அந்த அரங்கமே தன் விழாவுக்காகச் செய்துகொள்வது. வாடகைக்கு வருபவருக்காக இருக்கை கழற்றும் அரங்கங்கள் குறைவு.

2. தேதி கேட்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி

"அன்றைக்கு அரங்கம் காலியா?" என்று கேட்டால் "காலிதான்" என்பார்கள். அது போதாது. "அன்றைக்கு மேடை காலியா?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

வாரக்கணக்கில் ஓடும் நாடகம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தால், அதன் செட் மேடையிலேயே நிற்கும். ஓய்வுநாளில் அரங்கம் உங்களுடையது, செட் உங்களுடையதல்ல. தொடவோ நகர்த்தவோ முடியாது. அதற்கு முன்னால் மிஞ்சும் இரண்டு மூன்று மீட்டர் பட்டையில்தான் நீங்கள் நிற்க வேண்டும். விளக்குகளும் அந்த நாடகத்துக்காகக் குறிவைத்து நிற்பதால் அவற்றையும் திருப்ப முடியாமல் போகலாம். ஒருவர் மட்டும் பேசும் கூட்டத்துக்கு இது போதும், வாடகையும் பெரும்பாலும் குறையும். கார் அறிமுகத்துக்கு நிச்சயம் போதாது.

மாலைக் காட்சி உள்ள நாளில் காலை மட்டும் எடுப்பதும் வழக்கம்தான். அப்போது வெளியேற வேண்டிய நேரம் கல்லில் எழுதியது. மதியம் இரண்டுக்கு மேடை காலியாக வேண்டும் என்றால் உங்கள் கடைசிப் பேச்சாளர் பன்னிரண்டுக்கே முடித்தாக வேண்டும். நீட்டிப் பேசுவதில் பெயர்பெற்ற தலைவர் உங்களிடம் இருந்தால் இந்த வகை வாடகையைத் தவிர்ப்பது நல்லது.

தேதியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்போது, உங்களுக்கு முன்னால் வேறு யாராவது அதே தேதியைக் கேட்டு வைத்திருக்கிறார்களா, எந்த நாள் வரை உங்களுக்காகக் காத்திருப்பார்கள் என்ற இரண்டையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நாடகக் குழுக்கள் ஒரு வருடம் முன்பே தேதி போட்டுவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த அவகாசத்தில் போனால் மிச்சம்தான் கிடைக்கும்.

3. நேரில் போய்ப் பார்ப்பது

இந்தப் படியில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். அரை நாள் ஒதுக்குங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவர் முகப்புக் கூடத்தையும் சரவிளக்கையும் காட்டுவார். அவரோடு கூடவே அரங்கத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்னால் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்தவர் அவர்தான். உங்கள் சவுண்டு, லைட்டிங் ஆட்களில் ஒருவரையும் அழைத்துப் போங்கள். கையில் அளவு நாடா இருக்கட்டும்.

முதலில் மோசமான இருக்கைகளில் உட்காருங்கள். நடு வரிசை நடு இருக்கை எந்த அரங்கத்திலும் நன்றாகத்தான் இருக்கும். கீழ்த்தளத்தின் கடைசி வரிசைக்குப் போங்கள். தலைக்கு மேல் பால்கனியின் அடிப்பக்கம் கூரைபோல நீண்டிருக்கும். அங்கிருந்து பார்த்தால் மேடையின் மேல்பாதி தெரியாது. நான் முதன்முதலில் ஏற்பாடு செய்த அரங்க நிகழ்ச்சியில் இதில்தான் அடி வாங்கினேன். திரையை அழகாக உயரத்தில் தொங்கவிட்டோம். கடைசி ஏழு வரிசைக்காரர்களுக்கு வரைபடத்தின் அடிக்கோடு மட்டும் தெரிந்தது, கோடுகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பது தெரியவில்லை. அந்த வரிசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் விற்பனைப் பிரிவினர்.

அப்புறம் தூண்கள். 1890-களுக்கு முன் கட்டிய அரங்கங்களில் பால்கனியைப் பெரும்பாலும் தூண்கள்தான் தாங்கும். எஃகு உத்திரங்கள் வந்த பிறகே தூணில்லாத பால்கனி சாத்தியமானது. தூணுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளை எண்ணி, மொத்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். மேல் பால்கனிக்கும் ஏறிப் பாருங்கள். சரிவு செங்குத்தாக இருக்கும், முழங்காலுக்கு முன்னால் இடம் குறைவாக இருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய உடம்புக்கும் அந்தக் காலத்து மலிவு டிக்கெட்டுக்கும் போட்ட இருக்கைகள் அவை. மூன்று மணிநேரம் அங்கே உட்காரச் சொல்வது நியாயமா என்று நீங்களே பத்து நிமிடம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மேடையில் ஏறியதும் ஒரு பேனாவைக் கீழே வைத்துப் பாருங்கள். உருண்டு முன்னால் ஓடினால் மேடை சரிவானது. பின்னால் நிற்கும் நடிகரும் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் மேடையையே சாய்த்துக் கட்டினார்கள். 24 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு சாதாரணம். பார்வைக்குத் தெரியாது. ஆனால் சக்கரம் வைத்த நாற்காலியைக் கலந்துரையாடலுக்குப் போட்டால் பேசுபவர் மெல்ல மெல்ல முன்வரிசையை நோக்கி வருவார். நாலு கால் சோபாவுக்குக்கூட முன்கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைக்க வேண்டியிருக்கும்.

மேடை விளிம்புக்குச் சற்றே பின்னால், மேலே, கனமான தீத்தடுப்புத் திரை இருக்கும். இரும்புத் திரை என்று சொல்வதுண்டு. அது இறங்கும் கோட்டைத் தரையில் குறித்திருப்பார்கள். அந்தக் கோட்டின்மேல் எதையும் வைக்கக் கூடாது. பேச்சுமேடையோ பூந்தொட்டியோ, ஒற்றைக் கேபிளோகூட. சம்பிரதாயத்துக்காகப் போட்ட விதி இல்லை இது. சிகாகோவின் இராக்குவாய் அரங்கம் திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 1903 டிசம்பர் 30 அன்று மேடையில் தீப்பிடித்தபோது தீத்தடுப்புத் திரை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பல வாசல்கள் திரைச்சீலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன, சிலவற்றின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பதென்றே யாருக்கும் தெரியவில்லை. 602 பேர் இறந்தார்கள். தீயே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அரங்கம் அது. இன்று கையால் தள்ளினாலே திறக்கும் குறுக்குக்கம்பிக் கதவு எல்லா ஊரிலும் இருப்பதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். ஆகவே வெளியேறும் வழியை மறைத்து நிறுவனத்தின் பேனர் வைக்கக் கூடாது என்று அரங்கத்தார் கறாராகச் சொன்னால் வாதாடாதீர்கள்.

கூரையையும் பற்றிக் கேளுங்கள். பழைய அரங்கங்களின் அலங்காரக் கூரை பல இடங்களில் சாக்குத் துணியும் பிளாஸ்டரும் சேர்த்துச் செய்தது. மேலே உள்ள மரச்சட்டங்களில் அதே துணிப்பட்டைகளால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். லண்டன் அப்பல்லோ அரங்கில் 2013 டிசம்பர் 19 அன்று காட்சி நடக்கும்போதே கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நூறாண்டு வயதான துணிக்கட்டுகள் வலுவிழந்ததுதான் காரணம். கூரையை நிபுணர் கடைசியாக எப்போது சோதித்தார், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல நிர்வாகம் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியாகவே பதில் சொல்லும்.

பொருள்கள் உள்ளே வரும் வழியை நடந்தே பாருங்கள், லாரி நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை. கதவின் அகலம், உயரம், படிக்கட்டு எத்தனை, திருப்பம் எங்கே என்று அளந்து எழுதுங்கள். மற்ற எல்லா அளவையும்விடக் குறுகலான திருப்பத்தின் அளவுதான் முக்கியம். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். அது மூன்று ஆள் போகும் லிஃப்டாக இருக்கும். தெருவில் லாரி நிறுத்த அனுமதி வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பழைய அரங்கங்கள் நெரிசலான தெருவில்தான் இருக்கும்.

கழிப்பறையை எண்ணுங்கள். சிரிக்காதீர்கள், பழைய அரங்கத்தில் அதிகம் புகார் வருவது இதில்தான். கணக்கு எளிது. 600 பேர் வருகிறார்கள், இடைவேளையில் பாதிப் பேர் போவார்கள், அதாவது 300. ஆளுக்கு ஒன்றரை நிமிடம். மொத்தம் பத்து அறைகள் இருந்தால் 45 நிமிடம் ஆகும். உங்கள் நிகழ்ச்சி நிரலில் இடைவேளை எவ்வளவு? 15 நிமிடம். அதற்குள் நூறு பேர்தான் போய்வர முடியும். இடைவேளையை நீட்டுங்கள், அல்லது கீழ்த்தளத்தாரை முதலிலும் பால்கனிக்காரர்களைப் பத்து நிமிடம் கழித்தும் விடுங்கள். பெண்கள் அதிகம் வரும் கூட்டம் என்றால் ஒரு தளத்து ஆண்கள் கழிப்பறையின் பலகையை மாற்றிவிடுவதும் நடைமுறையில் உள்ளதுதான்.

சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வாசலில் நுழைவார், எங்கே உட்காருவார், எந்தக் கழிப்பறைக்குப் போவார் என்று அந்த வழியில் நீங்களே போய்ப் பாருங்கள். இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள்: விருது வாங்குபவரே சக்கர நாற்காலியில் இருந்தால் மேடைக்கு எப்படி ஏறுவார்? அரங்கிலிருந்து மேடைக்குப் படி மட்டும்தான் இருக்கும். மேடைக்குப் பின்வழி இருக்கிறதா, சாய்தளம் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். மேடையில் வைத்து நாலு பேர் தூக்குவதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

கடைசியாகக் கைபேசியை எடுத்துச் சிக்னல் பாருங்கள். தடித்த சுவர்களுக்குள் பெரும்பாலும் இருக்காது. வாக்கெடுப்பு, கேள்வி அனுப்புவது எல்லாம் கைபேசி வழியாக என்று திட்டமிட்டிருந்தால் அது அங்கேயே படுத்துவிடும். நேரலை ஒளிபரப்பு உண்டென்றால் வயர் வழி இணையம் கட்டாயம். உயர்தெளிவு வீடியோவுக்கு நொடிக்கு 5 முதல் 8 மெகாபிட் வரை மேலேற்ற (அப்லோடு) வேகம் வேண்டும். அதில் இரண்டு மடங்கு இருக்கிறதா என்று அங்கேயே சோதித்துப் பாருங்கள்.

4. மின்சாரம், எடை, தொங்கவிடுவது

மின்விளக்குக்கு முந்தைய காலத்துக் கட்டடங்கள் இவற்றில் பல. பொதுக் கட்டடம் ஒன்று முழுக்க மின்விளக்கில் ஒளிர்ந்ததே 1881-இல் லண்டன் சவாய் அரங்கில்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு தலைமுறையும் தன் வயரிங்கைப் பழையதற்கு மேல் சேர்த்துக்கொண்டே வந்திருக்கும். மேடைக்கு அருகில் எத்தனை மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் 63 ஆம்பியரா 125 ஆம்பியரா என்று எழுதி வாங்குங்கள். சவுண்டுக்கும் லைட்டிங்குக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும். ஒரே இணைப்பில் போட்டால் விளக்கை மங்கலாக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'உர்ர்' என்று இரைச்சல் வரும். முகப்புக் கூடத்தில் தேநீர்க் கொதிகலன் வைப்பவர் எந்த இணைப்பில் செருகப் போகிறார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையின் இணைப்பு அவர் கைக்கு எட்டினால் அதில்தான் செருகுவார்.

எடைக்கு ஓர் உதாரணம். எல்இடி திரைப் பலகை அரை மீட்டருக்கு அரை மீட்டர், ஒன்று ஏழெட்டுக் கிலோ இருக்கும். 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் சுவர் எழுப்ப 60 பலகை. பலகைகளே 450 கிலோ, தாங்கும் சட்டமும் விழாமல் இருக்க வைக்கும் பாரமும் அதற்கு மேல். இத்தனையும் நாலைந்து கால்களின் வழியாக மரத்தரையில் இறங்கும். அந்தத் தரையில் நடிகர்கள் கீழிருந்து ஏறி இறங்கத் திறக்கும் பொறிக்கதவுகள் இருக்கலாம். தரை சதுரமீட்டருக்கு எவ்வளவு தாங்கும் என்ற எண்ணை அரங்கத்திடமிருந்து எழுத்தில் வாங்கி, கால்களுக்கடியில் தடித்த ஒட்டுப்பலகை போட்டு எடையைப் பரப்புங்கள்.

தொங்கவிடும் வேலையை அரங்கத்து ஆட்களே செய்யட்டும். எதிரெடை வைத்துக் கயிற்றில் ஏற்றி இறக்கும் அமைப்பில் ஒரு பக்கம் எடை மாறினால் மறுபக்கமும் அதே நேரத்தில் மாற்ற வேண்டும். பாரிஸ் கார்னியே ஆபரா மாளிகையில் 1896-இல் சரவிளக்கின் எதிரெடை ஒன்று விழுந்து ஒருவர் உயிரிழந்தார். அன்றாடம் அந்தக் கயிறுகளோடு பழகியவருக்குத்தான் எது எவ்வளவு தாங்கும் என்று தெரியும்.

5. திரையும் ஒலியும்

புரொஜெக்டரைப் பால்கனிக்குப் பின்னால் வைத்தால் மேடைத் திரைக்கு 30 மீட்டர் தூரம் இருக்கலாம். திரை 6 மீட்டர் அகலம் என்றால், தூரத்தை அகலத்தால் வகுத்தால் 5. அந்த விகிதத்துக்கான நீண்ட லென்ஸ் வேண்டும். சாதாரண லென்ஸோடு வந்த புரொஜெக்டர் வாடகைக்காரர் கடைசி நேரத்தில் கையைப் பிசைவதைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து சாய்வாக அடிப்பதால் படம் சரிவகமாக விரியும், அதையும் சரிசெய்ய வேண்டும். திரையின் உயரத்தைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், மேடையில் நின்று அல்ல.

ஒலியில் மட்டும் பழைய அரங்கம் உங்கள் பக்கம். மைக் இல்லாத காலத்தில் மனிதக் குரல் கடைசி வரிசை வரை போக வேண்டும் என்று கட்டியது. நல்ல நாடக அரங்கில் எதிரொலி ஒரு நொடியளவில் அடங்கிவிடும். இசை அரங்கில் அது இரண்டு நொடிக்கு அருகில். பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். ஆகவே ஓட்டல் ஹாலுக்குக் கொண்டுபோகும் ராட்சத ஒலிபெருக்கிகளை இங்கே அடுக்கினால் இருப்பதையும் கெடுத்துக்கொள்வீர்கள். மேடைக்கு இருபுறமும் அளவாக இரண்டு, பால்கனிக்கு அடியில் சிறியவை சில. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது, 25 மீட்டர் தாண்ட 73 மில்லிநொடி ஆகும். பால்கனிக்கு அடியில் உள்ளவற்றை அந்த அளவு தாமதப்படுத்தாவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். காலி அரங்கில் ஒலி சற்று அதிகமாக முழங்கும், ஆட்கள் நிறைந்ததும் அடங்கும். ஒத்திகையில் கேட்டதை வைத்துப் பதற வேண்டாம்.

6. ஒப்பந்தம்

வாடகைத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், அதற்குள் என்னென்ன அடங்கும் என்று பாருங்கள். பல அரங்கங்களில் வாடகை என்பது சுவரும் இருக்கையும் மட்டும்தான். தொழில்நுட்ப ஆட்கள், இருக்கை காட்டுபவர்கள், பாதுகாவலர், துப்புரவு, மின்சாரம், குளிரூட்டல், எல்லாம் தனி. ஆட்களுக்குக் குறைந்தபட்ச மணிநேரக் கணக்கு இருக்கும், இடையே உணவு இடைவேளை கட்டாயம், நள்ளிரவு தாண்டினால் கூலி கூடும். இரண்டு அரங்கங்களை ஒப்பிடும்போது வாடகையை வாடகையோடு ஒப்பிடாதீர்கள். கடைசி பில் எவ்வளவு வரும் என்று இருவரிடமும் ஒரே நிகழ்ச்சி நிரலைக் கொடுத்துக் கணக்கு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் நேரம் எப்போது தொடங்குகிறது? விருந்தினர் வரும் நேரமா, உங்கள் லாரி வரும் நேரமா? முடிவது கடைசி விருந்தினர் போகும்போதா, கடைசிப் பெட்டி ஏறும்போதா? சண்டைகளில் பாதி இந்த இரண்டு வரியில்தான். வெளியிலிருந்து உணவு வரவழைக்கலாமா அல்லது அரங்கத்தின் ஆட்களிடம்தான் வாங்க வேண்டுமா, இருக்கைப் பகுதிக்குள் பானம் கொண்டுபோகலாமா, ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும், அரங்கமே ரத்து செய்தால் என்ன தரும், இவையும் எழுத்தில் வேண்டும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பழைய கட்டடம், திடீரென்று பழுதுபார்க்க மூடுவார்கள், ஆகவே கேளுங்கள்.

பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஆணி, ஊசி, ஒட்டுநாடா எதுவும் சுவரில் படக் கூடாது. பொன்முலாம் பூசிய பிளாஸ்டரிலிருந்து ஒட்டுநாடாவை உரித்தால் முலாமும் சேர்ந்து வரும். தானாக நிற்கும் பேனர், துணி விரிப்பு, ஒளியால் லோகோ விழச் செய்வது, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகை இயந்திரம் வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், தீயுணர்விகளை அவர்கள்தான் தற்காலிகமாக மாற்றி அமைப்பார்கள். மெழுகுவர்த்தி, வாணவேடிக்கை பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். வெனிஸின் லா ஃபெனிச்சே ஆபரா அரங்கம் 1996-இல் எரிந்து, 2003-இல்தான் மறுபடி திறந்தது. மின்வேலைக்கு வந்திருந்த இருவர், வேலைத் தாமதத்துக்கான அபராதத்திலிருந்து தப்பத் தீவைத்தார்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியாட்கள் உள்ளே வரும்போது அரங்கத்தார் ஏன் இத்தனை படிவம் கேட்கிறார்கள் என்பது இதைத் தெரிந்தால் புரியும்.

மூன்றாம் நபர் காப்பீடும், பாட்டு ஒலிபரப்ப உரிமமும் யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

7. ஒத்திகையும் நிகழ்ச்சி நாளும்

முந்தின நாள் மேடை கிடைத்தால் எடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை. காலை ஒன்பதுக்கு நிகழ்ச்சி, ஆறுக்கு உள்ளே வந்து எல்லாம் கட்டிவிடலாம் என்பது பழைய அரங்கத்தில் எடுபடாது. படிக்கட்டில் பெட்டி தூக்கவே ஒரு மணிநேரம் போகும்.

பேச்சாளர்களை ஒத்திகைக்கு வரவழைப்பது கஷ்டம்தான். பத்து நிமிடமாவது வரச் சொல்லுங்கள். மேடை விளக்கு முகத்தில் அடிக்கும்போது எதிரே கறுப்புத்தான் தெரியும். கூட்ட அறையில் முகம் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் இந்த இருட்டைப் பார்த்ததும் குரலைத் தொலைத்துவிடுவார்கள். அரங்க விளக்கைப் பாதி அளவில் எரிய விட்டால் சரியாகிவிடும். குறிப்பு எடுப்பவர்களுக்கும் வெளிச்சம் கிடைக்கும். மேடை விளிம்பில் வெள்ளை நாடா ஒட்டுங்கள், அங்கே ஒட்டுவதற்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இருட்டுப் பழகாதவர் ஓரம் தெரியாமல் காலை வைத்துவிடுவார். பக்கவாட்டில் யார் எந்தப் பக்கமிருந்து ஏறி எந்தப் பக்கம் இறங்குவார் என்று ஒருமுறை நடக்க வையுங்கள். விருது விழாவில் நாற்பது பேர் ஏறுகிறார்கள் என்றால், ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், நடுவில் போட்டோ. இதை மாற்றினால் படியில் முட்டிக்கொள்வார்கள்.

அன்றைக்கு அரங்கத்தின் பொறுப்பு மேலாளர் யாரோ, அவர் சொல்வதுதான் முடிவு. நிகழ்ச்சிக்கு முன் ஐந்து நிமிடம் அவரோடு நின்று, அவசரநிலை வந்தால் நிகழ்ச்சியை யார் நிறுத்துவது, மேடையிலிருந்து அறிவிப்பது யார், உங்கள் ஆள் எங்கே நிற்பார் என்று பேசிவிடுங்கள். இடைவேளை முடிந்ததும் மணி அடிக்கச் சொல்லுங்கள். அரங்கங்களில் அந்த மணி உண்டு. முகப்புக் கூடத்தில் அரட்டை அடிக்கும் இருநூறு பேரை உள்ளே அனுப்ப, மைக்கில் கெஞ்சுவதைவிட அந்த மணி ஆயிரம் மடங்கு மேல்.

8. காலி செய்வது

உள்ளே வந்ததும் மேடை, சுவர், கம்பளம், கதவு எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் படியில் வருத்தப்படுவீர்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு முன்பணத்திலிருந்து பிடித்தால் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

கூட்டம் கலைந்ததும் எல்லோருக்கும் களைப்பு, கவனம் சிதறும். பெட்டிகள் கதவு நிலையில் இடிப்பது உள்ளே வரும்போது அல்ல, வெளியே போகும்போது. கதவு நிலைகளுக்குப் போர்வையோ அட்டையோ கட்டிவிட்டு அப்புறம் இறக்கத் தொடங்குங்கள். கேபிளுக்கு ஒட்டிய நாடாவை உரிக்க ஒருவரைத் தனியாகப் போடுங்கள், மெருகிட்ட மரத்தில் அதன் பசை விடியும் வரை இருந்தால் பிடித்துக்கொள்ளும். பால்கனி இருக்கைகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்து அட்டை, கண்ணாடி, சார்ஜர் என்று ஒரு பை நிறையச் சேரும்.

பிறகு பொறுப்பு மேலாளரோடு முழு இடத்தையும் ஒரு சுற்று நடந்து, குறை ஏதாவது இருந்தால் அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். நாளை மதியம் அதே மேடையில் வேறொருவர் லாரி இறக்கிக்கொண்டிருப்பார்.